பொறந்த வீட்டுக் கிடார்

நம் லயத்துப் பிள்ளைகளின் வாட்சப் குழுவில் ஒரு மகராசி, பெயர் சொல்ல மாட்டேன், "சாவு வீட்டுல இங்கிலீஷ் பாட்டுப் போட்டாங்களாமே" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தாள். அதற்குக் கட்டை விரல் தூக்கியவர்களையும் பார்த்தேன். எல்லாரும் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்து ஒழுகல் கூரைக்குக் கீழே தட்டேந்தி நின்ற ஆட்கள்தான். இப்போது முட்டி வலிக்கு அதே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, அதே மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வெளியாள் சொல்லியிருந்தால் போய்த் தொலை என்று விட்டிருப்பேன். நீங்கள் சொன்னதால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அது இங்கிலீஷ் பாட்டு இல்லை. பாட்டே இல்லை, வெறும் கிடார். வாசித்தவர் எங்கள் மாமா. என் அம்மா சாவுக்கு அவர் வராமல் வேறு யார் வருவார்? இதைக் குழுவில் எழுதினால் பாதியில் யாராவது ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லிக் கெடுப்பீர்கள். அதனால் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவு அது. கட்டபெட்டுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளாகக் கீழ் லயம், மேல் லயம், நடுவில் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா. சிலோனிலிருந்து வந்து இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நம் பெற்றோர் வாயில் இன்னும் முடியாது என்பதற்கு 'ஏலாது', தாமதிக்காதே என்பதற்கு 'சொணங்காதே' எல்லாம் அப்படியே இருந்தன. என் அப்பா தோட்டத்து ஜீப் டிரைவர். அம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களுக்கு அடுத்த காம்பரா வீடு. அத்தைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. உப்பு, தீப்பெட்டி, ஊர்ப்பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், வரும்.

தோட்டத்து மானேஜர் தொரையின் மகன் பெங்களூரில் படித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தார். நாமெல்லாம் சின்னத்தொரை என்போம். பூனை முடி போல மீசை, எப்போதும் எதன்மேலாவது தாளம் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் ஜீப்பில் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது நாடா உள்ளே சிக்கிக் குடலாக வெளியே வந்துவிட்டது. "தூக்கிப் போட்ருங்க டிரைவர்" என்றாராம். எங்கள் அப்பா எதையாவது தூக்கிப் போட்டு யார் பார்த்தது? வீட்டுக்குக் கொண்டுவந்தார். கப்பலில் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த டேப்ரிகார்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஈரம் போகக் காயவைத்து, பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கொழுந்து வாடுகிற வாசம் பேக்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளியே மஞ்சு இறங்கி, எதிர் லயமே தெரியவில்லை.

முதலில் யாரோ காட்டுக் கத்தலாகக் கத்தினான். தொம் தொம் என்று அடி. சுவர் ஓட்டை வழியாக அத்தை, "தம்பி, அந்தச் சனியன நிப்பாட்டு" என்றாள். அப்பா நிறுத்தப் போன நேரத்தில் கத்தல் ஓய்ந்து, கிடார் மட்டும் தனியாக வந்தது.

நீங்கள் அதை இப்போது போனில் கேட்டிருப்பீர்கள். அந்த ஈரமான டேப்ரிகார்டரில், அந்த மஞ்சுக்குள் கேட்டிருக்க வேண்டும். ஒரு சத்தம் மெல்லக் கிளம்பி, மேலே போகப் போகத் தேய்ந்து, விழுந்துவிடும் என்று நினைக்கும்போது விழாமல் நின்று நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது. பிறகு இன்னும் கீழிருந்து மறுபடி கிளம்பியது.

அது முடிவதற்குள் எங்கள் கதவு திறந்தது. அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "யாரு? யாருக்கு என்னாச்சு?" என்கிறாள். அவளுக்குப் பின்னால் கீழ் லயத்துப் பெண்கள், தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, மஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக வருகிறார்கள். ஒருத்தி வாசலிலேயே முதல் வரியை எடுத்துவிட்டாள். அப்பா கையில் பென்சிலோடு முழிக்கிறார்.

"யாரும் சாகலக்கா. எவனோ கிடாரு வாசிக்கிறான்."

அத்தைக்கு வந்த கோபம் இருக்கிறதே. "நல்லாத்தான் இருக்கு. அவன் வாசிக்கிறதுக்கு நாங்க தல விரிக்கணுமா? என்ன எழவு கேசட்டுடா இது" என்று கொண்டையை முடிந்துகொண்டு போனாள். அன்றிலிருந்து அதற்கு எழவு கேசட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சிரிக்காதீர்கள். உங்கள் அம்மாமாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த மாதிரி இழுவைக்கு நம் ஆட்களின் காதில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது.

எங்கள் அம்மா மட்டும் நகரவில்லை. மாவு பிசைந்த கையோடு நின்றிருந்தவள், "இங்கேருங்க, அத மறுபடி போடுங்க" என்றாள்.

அம்மாவின் இழுவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லயத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் வருவது அம்மாவைத் தேடித்தான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி, ஆடி ஆடி அழும்போது முதல் வரியை அம்மா எடுப்பாள். வரி முடிந்தபின் 'ஏ' என்று ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், அதில் ஆம்பிளைகள் எல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்கள். எனக்கு அப்போது அதில் ஏகப்பட்ட பெருமை. இப்போதும் அதே பெருமைதான், குறையவில்லை.

ஆனால் அம்மாவுக்கு உள்ளே ஒரு குறை இருந்தது. பெண்ணாகப் பிறந்தவள் செத்தால், பொறந்த வீட்டு ஆள் வந்து அழாமல் தூக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சா?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். வந்து அழுதபிறகுதான் பாடையில் கை வைப்பார்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். யார் எந்த நாட்டுக்காரர் என்று சிலோனில் பதிவு செய்தபோது அம்மா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது, அண்ணனுக்கு அங்கேயே என்று வந்தது. தலைமன்னாரில் கப்பல் நகர்ந்தபோது அவர் அழுத அழுகையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே அழுதாராம். அதற்குப்பின் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் நான் அழுவுறேன். எனக்கு அழ ஒரு நாதி இல்ல" என்று அரிசி புடைக்கும்போது, துணி அலசும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இருந்தாலும் அந்தப் பயம் அவளை விட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேசட்டை மறுபடி கேட்டு முடித்து, "இது எங்க அண்ணன் அழுத மாதிரியே இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அவர் அன்றைக்கே எனக்கு மாமா ஆகிவிட்டார். அவருக்கு உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது, நானும் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அண்ணன் பெயரை அம்மா எப்படிச் சொல்லுவாள்? எங்கள் வீட்டில் கடைசிவரை மாமாதான்.

அம்மா அவரை ரசித்த விதத்தில் இன்றைக்கு இருக்கிற எந்த ரசிகராலும் ரசிக்க முடியாது என்று நான் சவால் விடுவேன். கத்துகிறவன் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுவாள். "அவன் முடிக்கட்டும், பாவம்" என்பாள். கிடார் தொடங்கியதும் கூட்டுவாள். ஒரு இடத்தில் மாமா வாசித்துக்கொண்டே வந்து, ஒரு நொடி நிறுத்துவார். அம்மா விரலைத் தூக்குவாள். "இப்ப எச்சி முழுங்குறாரு பாரு." உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். ஏதோ சொல்ல வந்து, தொண்டை அடைத்து, விழுங்கிக்கொண்டு, வேறு ஒன்றைச் சொல்வது மாதிரி. கம்பியை அழுத்தி நடுங்க வைக்கிற இடத்தில், "உதடு துடிக்குது" என்பாள். என் தம்பி மகன் இப்போது கிடார் வகுப்புக்குப் போகிறான். அதற்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் சொல்கிறான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். எச்சில் முழுங்குகிற இடத்தை நான் காட்டியபிறகுதான் அவனுக்கு அந்த இடம் கேட்டது.

அத்தை கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்காருவது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "மதினி, சும்மா இந்தப் பக்கமே வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள். "எனக்கு என்ன, குளிருக்கு அடுப்புக்கிட்ட உக்காரலாம்னு வந்தேன்" என்று வந்தவள், அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

நடுவில் அப்பா ஒரு கூத்துப் பண்ணினார். கேசட் போட்டால் அம்மா அழுகிறாள் என்று கவனித்திருக்கிறார். அண்ணன் நினைவில் மருகுகிறாள், இப்படியே போனால் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டி, கேசட்டை ஜீப் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டார். கேட்டால், "நாடா அறுந்துபோச்சு" என்றார். அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் வீட்டில் பேச்சு நின்றது. சோறு ஒரு கை குறைந்தது. கொழுந்துக் கூடையும் குறைந்து, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள். நான்தான் ஜீப்பில் விளையாடும்போது கண்டுபிடித்து, நேராக அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்பா தலையைச் சொறிந்தார். "நீ அழுவுறது பார்க்க ஏலல புள்ள. அதான் ஒளிச்சு வச்சேன்."

"கஷ்டத்துல அழுவுறேன்னு நெனச்சீங்களா?" என்றாள் அம்மா. "நல்லா இருக்குன்னுதான் அழுவுறேன். சந்தோசமா அழுவுறதுக்கு எனக்கு வேற என்ன இருக்கு?"

பெரியவர்கள் எவ்வளவு அன்பாகத் தப்புச் செய்வார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்பா கண்ணீரைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவரே பேட்டரி வாங்கிவந்து போட்டு, "மச்சான் இன்னைக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்பார். சம்மதம் சொல்கிற விதம் அது.

இப்படி இருக்கும்போதுதான் கட்டபெட்டு பஸ் ஸ்டாப் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊட்டியில் கோடைக் கச்சேரி, கேசட் மேல் இருந்த அதே பெயர், மாமா வருகிறார். படத்தில் தோள்வரை முடி, கையில் சிவப்புக் கிடார். நாங்கள் அவர் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம். அப்பா அதற்குள் சின்னத்தொரையிடம் விசாரித்து வைத்திருந்தார். வடகிழக்கே எங்கோ மலையில் பிறந்தவராம், காலேஜ் பிள்ளைகள் அவருக்குப் பைத்தியமாம். "மலைக்காரரா? அதான் பார்த்தேன்" என்றாள் அம்மா. பிறகு நோட்டீஸை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் மூக்குதான்" என்றாள். அந்த மூக்குக்கும் மாமா மூக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு போட்டோவில் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

போயே ஆகவேண்டும் என்று நின்றாள். ஒரே ஒரு தரம் நேரில் கேட்டால் போதும் என்றாள். ஆனால் அது சீசன். ஊட்டிக்காரர்களுக்குச் சீசன் என்றால் பூக்கண்காட்சி, கூட்டம். நமக்குச் சீசன் என்றால் கொழுந்து. மழை பெய்து வெயில் அடித்து, ஒரு நாள் விட்டால் இலை முற்றிவிடும். சீசனில் லீவு கேட்டால் பெயர் வெட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்கோ எழவுக்கோ மட்டும்தான் லீவு, அதுவும் சொந்தத்தில்.

விடியலில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார் ரைட்டர். நம் ஆட்கள் சிலோன் பழக்கத்தில் கணக்கப்பிள்ளை என்பார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்து மனுஷர். மங்கிக் குல்லாவுக்குள் முகம் பாதிதான் தெரியும். அம்மாவும் அத்தையும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டாமல் நின்றதைப் பார்த்துவிட்டார். நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்கம்மா, கொழுந்து இப்பிடி முத்திக் கெடக்குது, நீங்க சீலையக் கட்டீட்டு நிக்கறீங்க?"

"இன்னைக்கு ஒரு நாளு லீவு வேணுங்கய்யா. எனக்கும் மதினிக்கும்."

"சீசன்ல லீவெல்லாம் ஆகாதுங்க. கண்ணாலமா, எழவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.  அம்மா பொய் சொல்ல மாட்டாள், அதுவும் சாவு விஷயத்தில் சொல்லவே மாட்டாள். எத்தனையோ பிணத்துக்கு அழுத வாய் அது.

"எழவுதாங்கய்யா" என்றாள். "ஊட்டியில."

"அடடா. ஆருங்க?"

"எங்க பொறந்த வீட்டுப் பக்கம். எனக்கு அண்ணன் மொறை."

ரைட்டர் குல்லாவைக் கழற்றிவிட்டார். "போயிட்டு வாங்கம்மா. வெள்ளனவே கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்" என்றார். நன்றாகப் பாருங்கள், அம்மா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. லயத்தில் அந்தக் கேசட்டுக்குப் பெயர் எழவு. கச்சேரி ஊட்டியில். அவர் அம்மாவுக்கு அண்ணன் முறை. வேண்டுமானால் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

பஸ்ஸில் அத்தை வழி முழுக்கப் புலம்பினாள். "நேத்துத் தல முழுகுனவ நான். கெட்ட சேதின்னு சொல்லிட்டு வந்துட்டியே புள்ள, திரும்பிப் போயி மறுபடி முழுகணுமே." அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டபெட்டா வளைவுகளில் எங்கள் மேல் சாய்ந்து சாய்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். வாந்தி வராமல் இருக்க எனக்கு எலுமிச்சை இலை கொடுத்தாள். கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். ரைட்டர் கண்ணுக்குப் பட்டு தெரியாமல் மேலே அப்பாவின் கம்பளிக் கோட்டு.

மைதானத்தில் எல்லாம் கால்சட்டை போட்ட காலேஜ் பிள்ளைகள். நாங்கள் மூவரும் பின்னால், வர்க்கி விற்கிற ஆளுக்குப் பக்கத்தில் நின்றோம். மதியம் தாண்டி வெயில் சுள்ளென்று இருந்தது. யார் யாரோ வந்து வாசித்தார்கள். அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பிறகு கூட்டம் ஓவென்று எழுந்தது. மாமா வந்தார். எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "கண்ண மூடிட்டாரும்மா. கிடார நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரும்மா."

வேகமான பாட்டுகளெல்லாம் முடிந்தபின், அந்த மெதுவானதை எடுத்தார். முதல் இழுவை வந்ததும் அம்மாவுக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை. என்னை இறக்கிவிட்டாள். புல்லிலேயே உட்கார்ந்தாள். கை தானாகப் போய்க் கொண்டையை அவிழ்த்தது. அத்தை பதறிப்போய், "ஏ புள்ள, பொது எடம்டி" என்றாள். அதற்குள் மாமா எச்சில் விழுங்குகிற இடம் வந்துவிட்டது. அத்தையும் காதுப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இருவரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, ஆடி ஆடி அழுதார்கள்.

நான் வெட்கத்தில் செத்தேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்தீர்களா? இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் ஒருத்தி பார்த்தாள். இது ஏதோ ஆட்டம் என்று நினைத்துக்கொண்டாள் போல. வந்து உட்கார்ந்து அத்தையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆடினாள். அவள் தோளில் இன்னொருத்தன். அப்படியே பிள்ளைகள் வந்து வந்து சேர்ந்து, பெரிய வட்டமாகிவிட்டது. சில பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது, ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நான் அந்த வட்டத்தில் அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்து ஆடினேன். அம்மாவின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும்தான் ஆடுவதை நிறுத்தினேன். சின்னத்தொரை.

அவரும் அம்மாவைப் பார்த்துவிட்டார். "டிரைவர் வீட்டம்மாதானே?"

அம்மா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "ஆமாங்கய்யா. எழவுக்கு வந்தோம்."

அவருக்கு என்ன விளங்கியதோ, பெரிதாகத் தலையாட்டிவிட்டு அம்மா தோளில் கை போட்டு ஆடத் தொடங்கினார். மாமா கடைசி இழுவையை இழுத்தார். கேசட்டில் அது அவ்வளவு நீளம் கிடையாது. எங்கள் வட்டம் மேடையிலிருந்து தெரிந்திருக்கும், நம்மைப் பார்த்துத்தான் அண்ணன் கூடுதலாக இழுத்தார் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். பார்த்தாரா இல்லையா எனக்குத் தெரியாது. கூடுதலாக இழுத்தார், அது மட்டும் சத்தியம்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சின்னத்தொரை வாயைத் திறந்தால் இருவர் பெயரும் வெட்டு, அப்பா வேலையும் போகும், லயத்தைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். சிலோனிலிருந்து ஒருமுறை மூட்டை கட்டியவர்கள் நாங்கள். அம்மாவும் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினாள். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ரைட்டர் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில், எதற்கு வந்தாரோ, சின்னத்தொரையும் நிற்கிறார். அம்மாவும் அத்தையும் கூடையை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வரிசையில் நின்றார்கள்.

ரைட்டர் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கம்மா, துக்கமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்றார்.

அம்மா வாய் திறப்பதற்குள் சின்னத்தொரை முகமெல்லாம் சிரிப்பாக, "நானும் அங்கதான் இருந்தேன் ரைட்டர். இவங்ககூடத்தான் உக்காந்திருந்தேன். ரொம்ப அருமை. அழுகையே வந்திருச்சு" என்றார்.

ரைட்டர் அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். தொரை வீட்டுப் பிள்ளையே நேரில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறது என்றால் இந்தம்மாவின் பொறந்த வீடு எப்பேர்ப்பட்ட வீடாக இருக்கவேண்டும் என்று அவர் மனதில் கணக்குப் போட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவிடம் அவர் பேசுகிற தோரணையே மாறிவிட்டது. "அம்மா பெரிய எடத்துப் பொம்பளைங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தாராம். அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகிறவரை அந்தத் தப்பை யாரும் திருத்தவில்லை. என்னைக் கேட்டால், அது தப்பே இல்லை.

அந்தச் சீசன் முடிகிற ஒரு சாயங்காலம், அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "பாப்பா, நான் போறப்ப மாமாவக் கூப்புட்டு அழச் சொல்லிரு." சரிம்மா என்றேன். பத்து வயதில் எதற்குத்தான் சரி சொல்ல மாட்டோம்? ஆனால் அம்மா அதற்குப்பின் 'எனக்கு அழ நாதி இல்ல' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைக் கவனித்தது இப்போதுதான்.

போன ஆடியில் அம்மா போனாள். உங்களில் பலர் மழையால் வரமுடியவில்லை, அதைக் குறை சொல்லவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். சிலோன் மாமாவும் எப்போதோ போய்விட்டார் என்று கேள்வி. கோத்தகிரியில் என் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தோம். அத்தையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காது மங்கி, கண் மங்கி, பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மழை வலுத்துக்கொண்டே வந்தது. அப்பா வழிப் பெரியவர் ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு வழக்கத்துக்குக் கேட்டார். "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சா?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அப்ப யாரும் இல்லன்னா, எடுத்துறலாமா?"

"இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

கேசட் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதை அம்மா தலைமாட்டில் வைத்தேன். தம்பி மகன் போனில் தேடி எடுத்து, பந்தல்காரரின் ஸ்பீக்கரில் இணைத்தான். கத்துகிறவன் வருகிற இடத்தைத் தாண்டிப் போடச் சொன்னேன். கிடார் தொடங்கியது. "என்னம்மா இது, இங்கிலீஷ் பாட்டு" என்று பெரியவர் எழுந்தார். அதற்குள் கீழ்த் தெருவில் கதவு திறந்தது. முன்பின் தெரியாத பெண்கள், மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டபடி மேலே ஏறி வந்தார்கள். அன்றைக்கு மாதிரியே வந்தார்கள். இந்தமுறை சரியான வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

அத்தை தலையைத் தூக்கினாள். "யாரு வந்திருக்கா?"

"மாமா வந்திருக்காரு அத்தை."

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கி, "எச்சி முழுங்குறாரு" என்றாள். பிறகு இரண்டு கையாலும் கொண்டையை அவிழ்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாடைப் பக்கம் போன பெரியவரை அவள்தான் தடுத்தாள்.

"பொறந்த வீட்டு ஆளு அழுதுக்கிட்டு இருக்காங்கல்ல. முடிக்கட்டும். அப்புறம் தூக்குங்க."

மாமா வாசித்து முடிக்கிறவரை எல்லாரும் மழையில் நின்றார்கள்.